இளைப்பாறுதலின் விலை

கோடை முற்றியதும் மதுரைச் சமவெளியினர் கொடைக்கானலை நினைக்கின்றனர். நாகமலைப் புதுக்கோட்டையில் வாழும் நாமும் இதற்கு விலக்கல்லோம். 2024 மே 7 முதல், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி, அங்குச் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் வேண்டியதாயிற்று. ஆகவே செல்வோரின் எண்ணிக்கையை அறியலாம். அவர்கள் பெறும் இளைப்பாறுதலின் மதிப்பை அறிவது எங்ஙனம்?

காட்டின் காட்சிக்குச் சந்தைவிலை இல்லை. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹரால்டு ஹோட்டலிங் 1947-இல் தம் நாட்டுத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழி காட்டினார். பூங்காவைச் சுற்றி வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் வருவோர் எத்தனைபேர், அவர்தம் பயணச்செலவு யாது என்று கணக்கிட வேண்டும். செலவு கூடக்கூட வருகை எவ்வளவு குறைகிறது என்பது அதனால் புலனாகும். அருகிலிருந்து வருபவர் கொடுக்க ஆயத்தமாயிருந்தும் கொடுக்க நேராத தொகையே அவர் பெற்ற நன்மை. எனவே செலவும் மதிப்பும் ஒன்றல்ல. மேரியன் கிளாசனும் ஜாக் நெட்ஷும் 1966-இல் வெளியிட்ட நூல் இம்முறையை விரிவாக விளக்கிற்று.

இம்முறையை இகழ்தல் நேர்மையாகாது. அணை கட்டுவோரும் மரம் வெட்டுவோரும் பணக்கணக்குடன் வந்து நிற்கையில், காட்டின் சார்பில் கணக்கே இல்லையெனில் அதன் மதிப்பு பூச்சியம் என்றே கொள்ளப்படும்.

ஆயினும் சேய்மையிலுள்ள கானகத்தில் இம்முறை தளர்கிறது. அங்குச் செல்வோர் சிலரே. அவர்களும் பெரும்பாலும் நெடுந்தொலைவிலிருந்து, ஒரே பயணத்தில் பல இடங்களைக் காண வருபவர்கள். அச்செலவில் கானகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது. ஒருபோதும் அங்குச் செல்லாதவரும் அது அழியாதிருக்க விரும்பக்கூடும் என்பதை ஜான் குருட்டில்லா 1967-இல் எடுத்துக்காட்டினார். பயணச்செலவுக் கணக்கில் அவ்விருப்பம் அகப்படாது.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. அதை நம் திருச்சபை வரலாற்றிலேயே காணலாம். 1834-இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியர் பலர் சமவெளியில் நோயுற்று மாண்டனர். ஆகவே உயிர்காக்கும் புகலிடமாக, 1845-இல் அம்மிஷனார் கொடைக்கானலில் வீடுகள் அமைத்தனர். மலைச்சாலை வருமுன் அங்கு ஏறியவருள் ஆட்கள் சுமந்த டோலியில் சென்றவரும் உளர். அந்நாளைய கொடைக்கானலை இம்முறையால் மதிப்பிட்டால், டோலியில் அமர்ந்தவரின் இளைப்பாறுதல் நன்மைப் பத்தியில் நிற்கும். சுமந்தவர் எங்கே நிற்பார்? பயணச்செலவுப் பத்தியில், கூலியாக. அவரும் அம்மலை ஏறினார், அதே குளிர்காற்று அவர்மேலும் வீசிற்று. ஆயின் அவர் வருகையாளர் அல்லர். அம்மலையிலேயே வாழ்ந்த பளியரோ எப்பத்தியிலும் இல்லை, அவர் பயணம் செய்து வந்தவரல்லரே!

கணக்கில் பிழை இல்லை. கணக்கு கேட்கும் கேள்வியே குறுகியது. கொடுக்க இயன்றவரின் விருப்பத்தை மட்டுமே அது அளக்கிறது. ஓய்வுநாள் கட்டளையோ வேலைக்காரனையும் வேலைக்காரியையும் அந்நியனையும், எருதையுங்கூட உள்ளடக்குகிறது. அங்கே ஓய்வுக்குத் தகுதி கொடுக்கும் திறனன்று, உழைத்துக் களைத்தமையே.

இன்று டோலி இல்லை. வாலிபர் முகாமுக்கும் தியானக் கூடுகைக்கும் நாம் மலைக்குச் செல்லும்போது ஊர்தி ஓட்டுபவரும், விடுதியில் பாத்திரம் துலக்குபவரும் உளர். திரும்பி வந்து வரவுசெலவு எழுதும் ஆயர், அவர்களை எப்பத்தியில் எழுதினோம் என்று ஒருமுறை நோக்குவது நலம்.