முடிவிலியும் போர்ஹேஸின் மூன்று கதைகளும்

நமது விமர்சனக் கட்டுரைகளில் 'எல்லையற்ற', 'முடிவிலி' ஆகிய சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. மிகப் பெரிதான எதையும் முடிவிலி என்று சொல்லிவிடுகிறோம். தொடைப் பாடத்தில் முடிவுள்ள தொடையையும் முடிவிலித் தொடையையும் பிரித்துப் படிப்பிக்கும் எனக்கு இது உறுத்தலாகவே இருந்து வருகிறது. எவ்வளவு பெரிதானாலும் முடிவுள்ளது முடிவுள்ளதுதான். இதை நன்கு அறிந்து கதை எழுதியவர் ஆர்ஜென்டீன எழுத்தாளர் ஜோர்ஜ் லூயிஸ் போர்ஹேஸ் (1899 - 1986).

1941இல் வெளிவந்த 'பாபேல் நூலகம்' என்ற கதையை முடிவிலியின் கதை என்றே பலரும் பேசுகின்றனர். கணக்கைப் பார்ப்போம். அந்நூலகத்தின் ஒவ்வொரு நூலுக்கும் 410 பக்கங்கள். பக்கத்துக்கு 40 வரிகள். வரிக்கு ஏறக்குறைய 80 எழுத்துகள். ஆக, ஒரு நூலில் 1,312,000 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 25 குறிகளுள் ஒன்று வரலாம். எனவே 25ஐ 1,312,000 தடவை எழுதிப் பெருக்கினால் வருவதே நூல்களின் தொகை. அந்தத் தொகையை எழுத 18 இலட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் வேண்டும். ஆயினும் அது முடிவுள்ள எண். நூலகம் முடிவின்றி நீண்டாலும் அதே நூல்கள் அதே ஒழுங்கில் திரும்பி வரும் என்றுதான் கதைசொல்லியும் இறுதியில் ஆறுதல் கொள்கிறான்.

எல்லாம் ஏற்கனவே எழுதப்பட்டாயிற்று என்பதே அந்த நூலகரின் துயரம். இதை முடிவிலி தரும் துயரமென்று கொள்வது தவறு. நூல்களின் தொகை முடிவுள்ளதாக இருப்பதாலேயே அது நேர்கிறது.

ஜெர்மனியில் வாழ்ந்த கணித மேதை ஜோர்ஜ் கான்டர் (1845 - 1918) 1891இல் வெளியிட்ட நிறுவலை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு நூலும் முடிவின்றி நீள்வதாகக் கொள்வோம். அவற்றை 1, 2, 3 என வரிசைப்படுத்துங்கள். முதல் நூலின் முதல் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்தை முதலிடத்திலும், இரண்டாம் நூலின் இரண்டாம் எழுத்துக்குப் பதில் வேறொன்றை இரண்டாமிடத்திலும் இட்டுக்கொண்டே போனால் ஒரு புதிய நூல் கிடைக்கும். வரிசையிலுள்ள ஒவ்வொரு நூலோடும் அது ஓரிடத்திலாவது மாறுபடும். எந்தப் பட்டியலுக்கும் வெளியே எழுதப்படாத ஒரு நூல் நிற்கவே செய்யும். 'எல்லாம் எழுதித் தீர்ந்தது' என்று சலித்துக்கொள்வோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

1945இல் வந்த 'அலெஃப்' கதையின் பெயர் ஹீப்ரு மொழியின் முதலெழுத்து. நாம் ஓதப் பழகும் அலிஃபின் உடன்பிறப்பு. முடிவிலிகளின் பருமனைக் குறிக்க இவ்வெழுத்தையே கான்டர் பயன்படுத்தினார். 1, 2, 3 என்ற எண்களுக்கு 2, 4, 6 என்ற இரட்டை எண்களை ஒன்றுக்கொன்றாகச் சோடி சேர்த்தால் எதுவும் மிஞ்சாது. அங்கே பகுதியும் முழுமையும் சமம். இரண்டு மூன்று சென்டிமீற்றர் விட்டமுள்ள சிறு கோளத்துக்குள் பிரபஞ்சம் முழுவதும் சுருங்காமல் அடங்குவது அதனால்தான். கெய்ரோவின் அம்ர் பள்ளிவாசல் தூணொன்றினுள்ளும் பிரபஞ்சம் இருப்பதாகக் கதையின் பின்குறிப்பு சொல்கிறது.

ஒரே கணத்தில் கண்டதை ஒன்றன்பின் ஒன்றாகவே மொழியில் சொல்ல முடியும். போர்ஹேஸ் இவ்விடத்தில் அடைமொழிகளை அடுக்கவில்லை. குறிப்பான சில பொருள்களைப் பட்டியலிடுகிறார். அவற்றிடையே, கதைசொல்லி காதலித்து இழந்த பியாட்ரிஸ் தன் மைத்துனனுக்கு எழுதிய ஆபாசக் கடிதங்களும் இருக்கின்றன. பிரபஞ்சத்தையே கண்டவனைக் குத்துவது ஒரு மேசை லாச்சிக்குள் கிடந்த கடிதங்கள். இக்கதையின் வெற்றி இங்கேதான் இருக்கிறது.

1975இல் வந்த 'மணல் புத்தகம்' முதற் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாத நூலைப் பற்றியது. 0க்கும் 1க்கும் இடைப்பட்ட பின்னங்களில் முதலாவது எதுவென்று கேட்டால் விடை கிடையாது. எந்த இரண்டுக்கும் இடையிலும் இன்னொன்று இருக்கும். கற்பனை பிசகற்றது. ஆனால் அந்நூலை வைத்திருப்பவனுக்குப் பயம் வருகிறதே தவிர, பியாட்ரிஸ் போல இழக்க ஒருவரும் இல்லை. ஆகவே 'அலெஃப்' கதைக்கு ஒரு படி கீழேயே இதை வைப்பேன்.

கணிதம் கதைக்கு ஒரு சட்டகத்தைத் தரலாம். அதற்குள் ஒரு மனிதனின் இழப்பு இல்லையென்றால் வாசகனிடம் தங்குவது புதிரின் வியப்பு மட்டுமே. நம்மவர்கள் அடுத்த முறை 'எல்லையற்ற சோகம்' என்று எழுதுமுன், அந்தச் சோகத்துக்குள் இருக்கும் ஒரு கடிதத்தையேனும் காட்டட்டும்.