பையன் தேறுவானா? இளம் வேகப்பந்து வீச்சாளரை ரசிப்பது எப்படி

ஒல்லியான பையன் ஒருவன் ஓடி வந்து நடு ஸ்டம்பைப் பறக்கவிட்டான் என்றால், சுற்றி நிற்கும் அத்தனை பேரும் "இவன் இந்தியாவுக்கு ஆடுவான் பாரு" என்பார்கள். அடுத்த ஓவரில் இரண்டு ஒய்டு, ஒரு ஃபுல் டாஸ் போட்டால் அதே வாய்கள் "சும்மா எறியிறான்" என்று சொல்லிவிடும். தூத்துக்குடி தருவை மைதானமானாலும், உப்பளத்தை ஒட்டிய பொட்டலானாலும், இந்த அவசரத் தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் வேகப்பந்து வீச்சை இன்னும் நன்றாக ரசிக்கலாம்.

அமெரிக்க பேஸ்பால் உலகத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட மைதானங்களின் வேலியோரம் உட்கார்ந்து, பந்தெறியும் பையன்களுக்கு மதிப்பெண் போடுவதுதான் அவர்கள் தொழில். மதிப்பெண் 20-இல் தொடங்கி 80 வரை போகும். 50 என்றால் மேஜர் லீகில் ஆடும் சராசரி ஆளின் தரம். ஒவ்வொரு திறமைக்கும் இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்த பிறகு எவ்வளவு என்று இரண்டு எண்கள் எழுதுவார்கள். 16 வயதுப் பையன் இன்று 35 வாங்கலாம். நாளைய பத்தியில் அவனுக்கே 60 விழலாம். நாமும் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள்வோம்.

எங்கே நிற்பது?

முதல் இரண்டு ஓவரை பௌலர் ஓடி வரும் முனைக்குப் பின்னால், சைட் ஸ்கிரீன் இருக்கவேண்டிய இடத்தில் நின்று பாருங்கள். பந்து எப்படிப் போகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். பிறகு பாயிண்ட் பக்கமோ ஸ்கொயர் லெக் பக்கமோ நகர்ந்துவிடுங்கள். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பது அங்கே தெரியும். விக்கெட் விழுந்ததா என்று ஸ்கோர் போடுபவர் பார்த்துக்கொள்வார். உங்கள் கண் பௌலரை விட்டு நகரக்கூடாது.

உடம்பு சொல்வது

ஓட்டம் சீராக வேகமெடுக்கிறதா, கடைசி நான்கு எட்டில் தயங்குகிறதா என்பதை முதலில் கவனியுங்கள். அடுத்து, பின்கால் தரையில் பதியும் கணம். இடுப்பும் தோளும் ஒரே திசையைப் பார்க்கவேண்டும். இரண்டும் பக்கவாட்டில் இருக்கலாம், இரண்டும் பேட்ஸ்மேனை நோக்கியும் இருக்கலாம். இடுப்பு ஒரு பக்கம், தோள் இன்னொரு பக்கம் என்று உடம்பு முறுக்கிக்கொண்டால் அது ஆபத்து. அந்த முறுக்கின் பாரம் முழுதும் கீழ் முதுகெலும்பில் இறங்கும். இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு அங்கே வரும் எலும்பு விரிசல் ஆட்டத்தையே முடித்துவிடக்கூடியது.

பார்க்க விசித்திரமாக இருக்கும் ஆக்‌ஷனெல்லாம் தவறானது என்றும் நினைத்துவிடவேண்டாம். 2013-இல் மும்பை இந்தியன்ஸ் பயிற்சியாளர் ஜான் ரைட், குஜராத் அணியின் டி20 ஆட்டத்தைப் பார்க்கப் போன இடத்தில்தான் ஜஸ்பிரித் பும்ராவைக் கண்டுபிடித்தார். குட்டி ஓட்டம், விறைத்த கை. அழகுக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறவர் கண்ணில் பும்ரா பட்டிருக்கமாட்டார்.

"மாங்கா அடிக்கிறான்" என்று எல்லைக்கோட்டிலிருந்து கத்துவதையும் நிறுத்துங்கள். முழங்கை 15 டிகிரி வரை நிமிர விதி இடம் கொடுக்கிறது. அதை வெறுங்கண்ணால் அளக்க முடியாது.

ஸ்பெல் முடிந்ததும் கிரீஸுக்குப் போய் முன்கால் பதிந்த தடத்தைப் பாருங்கள். ஆறேழு தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தால், இந்தப் பையன் ஒரே ஆக்‌ஷனைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடியவன். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், அந்த அழகான விக்கெட் பந்து தற்செயலாக விழுந்ததாக இருக்கலாம். எழுதவேண்டிய மதிப்பெண்களில் எனக்கு இதுதான் முதல்.

வேகமானி இல்லாமல் வேகம்

விக்கெட் கீப்பர் எவ்வளவு தள்ளி நிற்கிறான், பந்தை இடுப்புக்கு மேலே வாங்குகிறானா, முழங்காலுக்குக் குனிகிறானா என்று பார்த்தாலே போதும், வேகம் பிடிபட்டுவிடும். பேட்ஸ்மேனின் பின்கால் லெக் பக்கம் ஒதுங்குகிறதா என்பது இன்னொரு அளவு. மேட்டிங் விரித்த பிட்ச் என்றால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அதில் சாதாரணப் பந்தும் நெஞ்சு வரை எழும்பும்.

டென்னிஸ் பந்தில் பெயர் வாங்கிய பையனாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. அந்தப் பந்தின் எடை 60 கிராமுக்குள். தோல் பந்து 156 முதல் 163 கிராம். கையின் வேகம் அதேதான், ஆனால் தோளும் முதுகும் சுமக்கும் பாரம் வேறு.

வேகத்தை மட்டும் வைத்து ஆளெடுத்த கதை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 2008-இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில், உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் தேர்வானார்கள். அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ரிங்கு வென்றார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. கீழ்நிலை லீகுகளைத் தாண்டி மேஜர் லீகுக்கு இருவருமே போகவில்லை. வேகம் வாசல் வரை கொண்டுவந்து விட்டது. குறி, வகை, அனுபவம் ஆகியவற்றை வேறு பையன்கள் எட்டு வயதிலிருந்தே பழகியிருந்தார்கள்.

கொண்டலும் கச்சானும்

நம் கடற்கரைக்கே உரிய ஒரு சோதனை உண்டு. காலையில் மேற்கிலிருந்து கச்சான் வீசினாலும், மதியம் கிழக்கே கடலிலிருந்து கொண்டல் எழுந்ததும் காற்று திரும்பிவிடும். காற்று முதுகில் இருக்கும்போது எவனும் வேகமாகத்தான் போடுவான். முகத்தில் அறையும்போது அதே பையனிடம் பந்தைக் கொடுத்தால் என்ன ஆகிறது? லெந்தைக் கூட்டிக்கொள்கிறானா, பல்லைக் கடித்துக்கொண்டு ஷார்ட்டாகக் குத்துகிறானா? பந்து ஸ்விங் ஆகும்போது சீம் நிமிர்ந்து நேராகப் போகிறதா என்று பாருங்கள். தள்ளாடும் சீமோடு பந்து வளைந்தால், அந்த ஸ்விங்கில் பெரும்பங்கு காற்றினுடையது. அதை இன்றைய பத்தியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிக்ஸருக்கு அடுத்த பந்து

அடி வாங்காத பௌலரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சிக்ஸர் போன பிறகு ஃபீல்டை மாற்றச் சொல்லிக் கேட்கிறானா, தலையைத் தொங்கப்போட்டு நடக்கிறானா, கோபத்தில் பவுன்சர் போடுகிறானா? அதே லெந்தில் அதே பந்தை இன்னும் கொஞ்சம் வெளியே போடுகிறவனைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஸ்பெல்லுக்கும் இருந்து பாருங்கள். களைத்த பிறகும் மிஞ்சியிருக்கும் ஆக்‌ஷன்தான் அவனுடைய சொந்த ஆக்‌ஷன்.

நாளைய பத்தி

கடினமான பத்தி இதுதான். 14 வயதில் மீசை அரும்பிய பையன் மற்றவர்களைவிட வேகமாகப் போடுவதில் ஆச்சரியமில்லை. மற்றவர்கள் வளர்ந்ததும் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களுக்கு கிரிக்கெட் வாரியமே மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறது. நீங்கள் தேடவேண்டியது நீண்ட கை, கால், இன்னும் சதை பிடிக்காத தோள், அதோடு சுத்தமான ஆக்‌ஷன். பலம் பின்னால் வந்து சேரும்.

முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பி வளரும் கடலடிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தை மதிப்பிட்ட பிறகுதான் நாள் குறிப்பார்கள். சிப்பி இளசு என்றால் பாரை அப்படியே விட்டுவிடுவார்கள். நான்கைந்து வயதாவது ஆகவேண்டும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை 17 வயதில் பார்த்திருந்தால் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்? அப்போது அவர் டென்னிஸ் பந்து மட்டுமே ஆடிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷின் முயற்சியில் சென்னைக்கு வந்து நான்காம் டிவிஷனில் தொடங்கியபோது வயது இருபதை ஒட்டியிருந்தது. 2015 தொடக்கத்தில் ரஞ்சியில் அறிமுகமானார். உடனே ஆக்‌ஷன் மேல் சந்தேகம் எழுந்தது. அதை முழுக்கத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2016-இல் டி.என்.பி.எல். முதல் சீசனில், திண்டுக்கல் அணிக்காக, நம் தூத்துக்குடி பேட்ரியாட்ஸுக்கு எதிரான சூப்பர் ஓவரில் யார்க்கர் மேல் யார்க்கராக இறக்கியபோதுதான் பலர் அவர் பெயரைக் கேட்டார்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்றது தூத்துக்குடி, அடுத்த ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்குப் போனது நடராஜன். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சிப் பௌலராகப் போனவர், ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் ஆடித் திரும்பினார். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்.

17 வயதுத் தாளில் அவருக்கு இன்றைய பத்தியில் பெரிதாக ஒன்றும் விழுந்திருக்காது. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பந்தை இறக்கும் கை, தவறென்று சொன்னதைத் திருத்திக்கொள்ளும் மனம் இரண்டையும் நாளைய பத்தியில் எழுதியிருக்கலாம். பையன் தேறுவானா என்ற கேள்விக்கு வேகத்தைவிட இந்த இரண்டும்தான் சரியான பதில் சொல்லும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நன்றாகப் போடுகிறான் என்பதற்காகவே உள்ளூர் ஆட்டங்களில் ஒரே பையனை ஓய்வில்லாமல் போட வைக்கிறோம். இங்கிலாந்தில் 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர்தான் வரம்பு. அமெரிக்காவில் 13, 14 வயதுப் பையன் ஒரு நாளில் 95 முறைக்கு மேல் எறியக்கூடாது என்கிறது பேஸ்பால் வழிகாட்டி. உங்கள் ஊர் பையன் அந்தக் கணக்கைத் தாண்டுவதைப் பார்த்தால், கேப்டனிடம் போய் பந்தை வேறொருவனிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.