கணினிப் பாத்திர ஆட்டமும் பெருவழக்கும்

ஒரு கலை பெருவழக்கு எய்திவிட்டது என்று கூறுதல் எளிது. அக்கலையின் எக்கூறு பெருவழக்கு எய்திற்று என்று பிரித்துக் காட்டுதல் எளிதன்று. கணினியில் ஆடப்படும் பாத்திரமேற்பு ஆட்டங்களைப் பற்றி இன்று நிகழும் பேச்சு பெரும்பாலும் இவ்வேறுபாட்டை மறந்தே நிகழ்கின்றது. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த லேரியன் நிறுவனம் ‘பால்டர்ஸ் கேற் 3’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. வெளிவந்த சின்னாட்களுள், ‘ஸ்டீம்’ என்னும் இணைய அங்காடியின் வாயிலாக மட்டும் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 875,000 பேர் அதனை ஆடிக்கொண்டிருந்தனர். அவ்வாண்டுக்குரிய பெரும் பரிசுகள் யாவும் அதற்கே வழங்கப்பட்டன. பழைய மரபு மீண்டுவிட்டது, பெருவழக்காகவும் ஆகிவிட்டது என்று மேலைநாட்டு விமரிசகர் பலர் முடிவு கட்டினர். இம்முடிபு பாதி உண்மையே. எஞ்சிய பாதி தமிழ் வாசகனுக்கு முதற்பாதியினும் இன்றியமையாதது.

இவ்வகை ஆட்டம் இன்னதென்பதை ஈழத்துக் கூத்தையும் இசைநாடகத்தையும் அறிந்தோர்க்கு விளக்குதல் அரிதன்று. நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் ‘மயான காண்டம்’ குடாநாட்டில் அறியாதாரில்லை. சுடலை காக்கும் அரிச்சந்திரன், தன் மகனின் உடலை எரிக்க வந்த மனைவியிடமே முழத்துண்டும் காற்பணமும் கேட்டு நிற்கின்றான். அவன் கேட்பான் என்பது பார்ப்போர் அனைவர்க்கும் முன்னரே தெரியும்; தெரிந்தே விடியும்வரை இருந்து கண்ணீர் சிந்தினர். இனி, களரியைச் சுற்றியிருப்போருள் ஒருவன் எழுந்து சென்று தானே அரிச்சந்திரனாகி, ‘வேண்டாம், கட்டணம் இல்லாமலே எரித்துவிடு’ என்று சொல்லக்கூடுமாயின் என்னாகும்? கூத்து அத்துடன் நின்றுவிடும். ஏட்டில் அதற்குப் பாட்டில்லை. கணினிப் பாத்திர ஆட்டமோ அவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. அரிச்சந்திரன் பொய் சொன்னால் என்ன, சினந்தால் என்ன, சுடலையை விட்டு ஓடினால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் பாட்டும் வசனமும் எழுதி வைத்திருப்பதே அதன் ஆசிரியர் தொழில். எழுதியவற்றுட் பெரும்பகுதியை ஆடுவோருட் பலர் ஒருகாலும் காணார். காணப்படாது கிடக்கும் எழுத்தே ஏனைய கதைக்கலைகளினின்றும் இதனைப் பிரிப்பது.

இம்மரபின் மூலம் கணினியன்று. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ணிசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசையாட்டமே அதற்கு மூலம். சிலர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். ஒருவர் கதையையும் விதியையும் கையில் வைத்திருப்பார். அவரை அண்ணாவியார் எனலாம். ஆயினும் இவ்வண்ணாவியாருக்கு ஏடு இல்லை, கூத்தர் போகும் வழியிலே கதையைக் கட்டிக்கொண்டு செல்லவேண்டியவர் அவர். செயல் கைகூடுமா என்பதை இருபது முகங்கொண்ட தாயக்கட்டை தீர்மானிக்கும். 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அல்ற்றிமா’, ‘விசாட்றி’ என்னும் இரண்டும் இதனைக் கணினியுட் புகுத்திப் பரப்பின. எனினும், ஆடுவோன் சொல்லுக்குச் சொல் எதிருரைக்கும் அண்ணாவியாரைக் கணினியுட் காணப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. 1997 இல் ‘ஃபோல்அவுட்’, 1998 இல் கனடாவின் பயோவெயார் நிறுவனத்தார் செய்த ‘பால்டர்ஸ் கேற்’, 1999 இல் ‘பிளேன்ஸ்கேப்: ரோர்மென்ற்’ என அடுத்தடுத்து வந்தவையே செவ்வியல் எனப்படுவன. இறுதியிற் கூறியதன் சொற்றொகை எட்டு இலட்சம் அளவில் இருக்கும் என்பர். திரையின் ஒரு பகுதியில் உரைநடை ஓட, அதனைப் படித்துப் படித்தே ஆடவேண்டும். ஆட்டம் என்பதினும் நாவல் என்பதே அதற்குப் பொருந்தும் என்று கூறுவோர் கூற்றில் நியாயமுண்டு.

அந்த மூன்றாண்டுகளில் யாழ்ப்பாணம் எந்நிலையில் இருந்தது என்பதை இங்கே நினைத்தல் தகும். 1990களின் பெரும்பகுதியில் குடாநாட்டுக்குத் தேசிய மின்வழங்கல் இல்லை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் அவர்கள். ஏ-9 பாதை 2002 இல் திறக்கப்படும்வரை தரைவழியே ஒரு கணினியைக் கொண்டுவருதலும் கனவாகவே இருந்தது. ஆதலின், மேலைநாட்டார் மறுமலர்ச்சி என்று கொண்டாடுவது இங்குள்ள இளைஞனுக்கு மறுமலர்ச்சியன்று. அவன் எதனையும் இழந்து மீளப் பெறவில்லை, முதன்முறையாகக் காண்கின்றான். இளமையில் ஆடிய ஆட்டத்தின்மேல் கொண்ட ஏக்கம் அவன் கண்ணை மறைக்காது. இவ்வாட்டங்களின் தகுதியை எடைபோட அவன் கண் ஒருவகையில் மேலானது என்றும் வாதிக்கலாம்.

2000 ஆம் ஆண்டின் பின்னர் இம்மரபு தேய்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தாடும் கருவிகள் பெருகின. வாளை வீசினால் உடனே பகைவன் வீழும் விரைவை வெளியீட்டாளர் நாடினர். 2009 இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஒறிஜின்ஸ்’ போன்ற ஒருசில நீங்கலாக, முறைவைத்து ஆடுதலும் நிறையப் படித்தலும் காலங்கடந்தவை என்று தள்ளப்பட்டன. பின்னர் 2012 இல் ஓர் எதிர்பாராத வழி திறந்தது. ‘கிக்ஸ்டாட்டர்’ என்னும் இணையத்தளத்தில், இன்னும் செய்யப்படாத ஆட்டத்துக்கு ஆடுவோரிடமே முன்பணம் கேட்டனர். ‘வேஸ்ட்லாண்ட் 2’ இற்கு ஏறத்தாழ 61,000 பேர் 29 இலட்சம் டொலரும், பின்பு ‘பில்லர்ஸ் ஒஃப் எற்றேர்னிற்றி’ எனப் பெயர்பெற்ற ஆட்டத்துக்கு ஏறத்தாழ 74,000 பேர் 40 இலட்சம் டொலர் அளவிலும் அளித்தனர். பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய காலத்தில் கையொப்பஞ் சேர்த்துப் பொருள் திரட்டிய வழக்கே இது. அவ்வழக்கினால் நூல்கள் பிழைத்தன என்பது உண்மை. ஊரெல்லாம் அவற்றைப் படித்தது என்பது பொருளன்று. கையொப்பமிடுவோன் ஏற்கெனவே அடியவன். 74,000 பேர் ஒரு மரபைக் காப்பாற்றப் போதும், பெருவழக்காக்கப் போதா.

இதற்குச் சான்று, அதே நிறுவனம் 2018 இல் வெளியிட்ட இரண்டாம் பாகமாகிய ‘டெட்ஃபயர்’. முதற்பாகத்தினும் அழகுடையது, உரையாடல்கள் முழுவதும் நடிகர் குரலில் அமைந்தவை, விமரிசகர் போற்றினர். விற்பனையோ எதிர்பார்ப்பை எட்டவில்லை. 2025 இல் அதே கதையுலகில் ‘அவவ்ட்’ என்னும் புதிய ஆட்டத்தை அந்நிறுவனம் வெளியிட்டபோது, அது செவ்வியல் முறையைக் கைவிட்டு, நேர்நோக்கில் வாள்வீசும் ஆட்டமாகவே அமைந்தது. பெருவழக்கு எய்திய மரபைச் செய்தோரே கைவிடுவரோ?

அங்ஙனமாயின் ‘பால்டர்ஸ் கேற் 3’ வென்றது எதனால்? மேசையாட்டம் ‘கிரிட்டிக்கல் றோல்’ போன்ற இணைய நிகழ்ச்சிகளால் 2015 இன் பின் மீண்டும் புகழ்பெற்றமை ஒரு காரணம். அஃது சிறு காரணமே. ‘டெட்ஃபயர்’ ஆட்டத்தையும் இதனையும் அருகருகே வைத்து நோக்கின் பெருங்காரணம் புலப்படும். முன்னையதில் ஆடுவோன் வானத்திலிருந்து நோக்குவான் போலக் கீழே சிறு உருவங்களைக் காண்கின்றான். குரல் கேட்கும், முகம் தெரியாது. பின்னையதில் ஒருவர் பேசத் தொடங்கியவுடன் காட்சி இறங்கி அவர் முகத்தருகே வந்து நிற்கின்றது. கண் கலங்குவதும் உதடு நடுங்குவதும் மெய்யான நடிகரின் மெய்ப்பாடுகளிலிருந்து பதிவு செய்யப்பட்டவை. அத்தகைய காட்சிகள் 170 மணி நேரத்துக்கு மேற்பட்டவை என நிறுவனத்தாரே அறிவித்தனர். வெளியீட்டாளர் அஞ்சிய தாயக்கட்டையையும் முறைவைத்து ஆடுதலையும் மக்கள் சிறிதும் வெறுக்கவில்லை. தாயம் உருளும்போது திரை முழுவதையும் அதற்கே விட்டுக்கொடுத்த துணிவை வரவேற்றனர். இருபது ஆண்டுகளாக விதிமுறையின்மேற் சுமத்திய பழி விதிமுறைக்கு உரியதன்று. மக்கள் வேண்டியது முகம். முகம் வந்தவுடன் விதியையும் ஏற்றனர்.

ஏற்றதனால் நேர்ந்த இழப்பு ஒன்றுண்டு. பழைய ஆட்டங்களில் ஆசிரியன் ஒரு வாக்கியத்தால் ஒரு நகரைக் கட்டலாம். புதிய முறையில் அவ்வாக்கியம் காட்சியாகவேண்டும், காட்சிக்கு நடிகர் வேண்டும், நடிகருக்குப் பொருள் வேண்டும். அரிச்சந்திரனுக்குப் பத்து வழி எழுதிய ஆசிரியன், ஒவ்வொரு வழிக்கும் செலவுக்கணக்கு எழுதத் தொடங்கினால் வழிகள் குறையும். லேரியன் நிறுவனத்தார் வழிகளைக் குறைக்காமலே செய்து முடித்தனர் என்பது அவர்தம் பெருமை. அதற்கு ஆறாண்டுகளும் நூற்றுக்கணக்கான பணியாளரும் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிறர் அதனைப் பின்பற்றல் எளிதன்று. எசுத்தோனிய எழுத்தாளர் ரொபேட் குர்விட்ஸ் முதன்மையாக நின்று எழுதிய ‘டிஸ்கோ எலீசியம்’ 2019 இல் வெளிவந்தபோது, பத்து இலட்சம் சொற்களையும் எழுத்தையே நம்பி முன்வைத்தது. பரிசுகள் பல பெற்றது. அதற்கும் 2021 இல் முழுக்குரல் சேர்க்கப்பட்டது. அக்குரல்கள் சிறந்தவையே, ஆயினும், தன் உள்ளத்தின் பகுதிகளே தன்னோடு வாதிடும் அக்கதையை மௌனமாகப் படித்தபோது ஏற்பட்ட தனிமை, பிறர் குரல் நுழைந்ததும் ஓரளவு கலைந்தது எனல் பொருந்தும்.

ஈழத்துக் கலைவரலாற்றில் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று 1960களில் நிகழ்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள், விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியன அவ்வாறு எழுந்தவை. ஆட்டமும் மத்தளமும் நகரத்தார் கண்ணில் மதிப்புப் பெற்றன. கூத்து நாகரிகமற்றது என்ற எண்ணம் நீங்கியது. இராமுழுதும் இருந்து பார்க்கும் கூட்டமும், கூத்தனைச் சுற்றி நாற்புறமும் ஊர் அமர்ந்திருந்த நெருக்கமும் மேடைக்கு வரவில்லை. அதனாற் பேராசிரியர் செய்தது தவறாகாது. களரிக் கூத்தும் மேடைக் கூத்தும் இரண்டு கலைகள். ஒன்றன் வெற்றியை மற்றையதன் வெற்றியாகக் கணக்கிடுதலே தவறு. கணினி ஆட்டத்திலும் அக்கணக்கே இன்று பிழைபடுகின்றது.

இக்கணக்குத் தமிழருக்கு ஏன் வேண்டும் என்று வினவலாம். ‘பால்டர்ஸ் கேற் 3’ இன் உரை சீனம், யப்பானியம், கொரியம், துருக்கியம், உக்ரேனியம் உட்படப் பல மொழிகளிற் கிடைக்கின்றது. தமிழில் இல்லை. விலை 60 டொலர், இலங்கை நாணயத்தில் ஏறத்தாழப் பதினெண்ணாயிரம் ரூபாய். நிறுவுதற்கு 150 கிகாபைற் இடம் வேண்டும். ஆங்கிலத்தில் வல்ல ஒரு சிலர்க்கன்றி, கைத்தொலைபேசியிற் சுடுகல ஆட்டம் ஆடும் யாழ்ப்பாணத்து மாணவனுக்கு இப்பெருவழக்கு வேற்றூர்த் திருவிழாவே. சுடுகலம் எம்மொழியும் பேசாது. பாத்திர ஆட்டமோ மொழியின்றி நடவாது. முகமும் குரலும் வேண்டும் என்று மக்கள் பழகப் பழக, சிறுமொழிகளுக்குக் கதவு மேலும் அடைபடுகின்றது. எழுத்தை நம்பிய பழைய ஆட்டத்தைச் சில ஆர்வலர் மாலைநேரங்களில் மொழிபெயர்த்துவிடலாம்; அத்தகைய ஆட்டங்கள் பலவற்றுக்கு ஐரோப்பிய மொழிகளில் ஆர்வலரே அவ்வாறு செய்துள்ளனர். 170 மணி நேர நடிப்பைத் தமிழிற் குரலிட்டுத் தருவோர் யார்?

2024 ஏப்ரலில் பிரித்தானியத் திரைக்கலைக் கழகத்தின் ஆட்டப் பரிசளிப்பில் ‘பால்டர்ஸ் கேற் 3’ சிறந்த ஆட்டமாகத் தெரிவு செய்யப்பட்ட அதே இரவில், சிறந்த முதலாக்கத்துக்கான பரிசை ரொறன்ரோவில் உருவான ‘வெண்பா’ பெற்றது. 1988 இல் கனடாவிற் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் கதை அது. சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டின் விடுபட்ட வரிகளை உய்த்துணர்ந்து சமைப்பதே ஆட்டம். ஓரிரு மணி நேரத்துள் முடிவது. பாத்திரமேற்பு மரபைச் சேர்ந்ததன்று. கதையின் போக்கை ஆடுவோன் மாற்றவியலாது. எனினும் சிறு குழுவொன்று, முகத்தை நெருங்கிக் காட்டாமலே, எழுத்தையும் ஓவியத்தையும் இசையையும் கொண்டு உலகைக் கேட்கச் செய்தது.

தமிழிற் செவ்வியல் முறைப் பாத்திர ஆட்டம் ஒன்றை ஆக்கவோ பெயர்க்கவோ முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது பொறியியலைச் சார்ந்த தடையாகும். பழைய ஆட்டப் பொறிகள் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைபவை. ‘கொ’ என்பதில் மெய்யின் இருபுறமும் குறி வரவேண்டும் என்பதை அவை அறியா. இத்தடை திறமையுள்ள மாணவர் சிலரால் நீங்கக்கூடியது. அதனினும் பெரியது நடைபற்றிய வினா. பாத்திரங்கள் எத்தமிழில் பேசுவது? எழுத்துத் தமிழிற் பேசினால் மேடைப் பேச்சாகும். வல்வெட்டித்துறைப் பேச்சில் பேசினால் மட்டக்களப்பானும் மதுரையானும் இடர்ப்படுவர். ஆங்கில ஆசிரியனுக்கு இவ்வளவு பெரிய பிளவு இல்லை. கூத்து ஆசிரியர் இதனை முன்பே எதிர்கொண்டு, அரசனுக்குச் செந்தமிழ் விருத்தமும் கட்டியக்காரனுக்கு ஊர்ப்பேச்சும் வகுத்துள்ளனர். இடையிலுள்ள மந்திரியும் தோழியும் யாருடன் பேசுகின்றனரோ அதற்கேற்ப நடை மாறுவர். ஆடுவோன் அரசனாகவும் ஏவலனாகவும் மாறிமாறி வேடம் ஏற்கக்கூடிய ஆட்டத்துக்கு, அண்ணாவியார் வீடுகளில் எஞ்சியுள்ள ஏட்டுப் பிரதிகளினும் பொருத்தமான பயிற்சிநூல் கிடைத்தல் அரிது.