மறைக்கல்வி வகுப்பும் சேவை நேரமும்: தமிழகக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளின் நம்பிக்கை வாழ்வு

தமிழ்நாட்டில் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்தும் பெண்கள் பள்ளிகள் பலவற்றில், குறிப்பாக நகரங்களில் உள்ளவற்றில், பயிலும் மாணவியரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர் என்பதால், ஒரு பங்கு ஆலயத்தின் ஆன்மிக வாழ்வை அளக்கும் கோல் கொண்டு அப்பள்ளிகளின் நம்பிக்கை வாழ்வை அளக்க இயலாது. நம்பிக்கை வாழ்வு என்று இங்கே குறிக்கப்படுவது இரு பகுதிகளைக் கொண்டது. காலைக் கூட்டத்தின் செபம், கத்தோலிக்க மாணவியருக்கான மறைக்கல்வி, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைத் திருப்பலி, அக்டோபரில் மாதா கெபியின் முன் சொல்லப்படும் செபமாலை, ஆண்டுத் தியானம், தவக்கால உண்டியல் ஆகியவை ஒரு பகுதி. மரியாயின் சேனை, இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் முதலிய அமைப்புகளின் வழியாக நடைபெறும் சமூகப் பணிகள் மற்றொரு பகுதி. பள்ளி நிருவாகங்கள் முதற்பகுதியை மையமாகவும் இரண்டாவதை அதன் துணையாகவும் கருதி வருகின்றன. பல சமயத்தினரும் கூடிப் பயிலும் இடத்தில் இந்த வரிசை மாறவேண்டும் என்பதற்கு அப்பள்ளிகளின் வரலாறும் திருச்சபையின் போதனையும் ஒருசேரச் சான்று பகர்கின்றன.

வரலாற்றில் இவ்விரண்டும் பிரிந்திருக்கவில்லை. அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைச் சகோதரியர் 1842இல் சென்னைக்கு வந்ததும், அதற்கு இரண்டாண்டுகள் கழித்துப் புதுச்சேரியில் லூயி சவினியன் துப்புயி அடிகளார் இந்தியப் பெண்களைக் கொண்டே மரியாவின் மாசற்ற இருதய சபையை நிறுவியதும், 1877இல் உதகமண்டலத்தில் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை தோன்றியதும் ஒரே நூற்றாண்டின் நிகழ்வுகள். இவற்றுள் புதுச்சேரிச் சபை தனித்துக் கருதத்தக்கது. ஏனெனில், குடும்பப் பெண்களுக்கு எழுத்தறிவு தேவையில்லை என்றும் அது அவர்களுக்கு அடுக்காது என்றும் சமூகம் நினைத்திருந்த காலத்தில், இந்நாட்டுப் பெண்களே துறவு பூண்டு சிறுமியருக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதற்கென்றே அது தொடங்கப்பட்டது. அந்தச் சகோதரியருக்கு வகுப்பறைதான் சேவைக்களம். சிறுமியின் கையில் ஏட்டைக் கொடுப்பதே அவர்களுடைய நம்பிக்கையின் செயல்வடிவம். பெண்கல்வி பொதுவழக்காகி, கல்வி கட்டணத்துக்குரிய பண்டமாகவும் ஆகிவிட்ட பிறகு, கற்பித்தலே சேவை என்ற நிலை பெருமளவு மறைந்தது. அதன்பின் சேவைக்கெனத் தனி நேரமும் தனிக் குழுவும் தனி அறிக்கையும் தேவைப்பட்டன. இன்று காணப்படும் குறைகள் பலவற்றின் வேர் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

சட்டத்தின் நிலையையும் திருச்சபையின் நிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசமைப்பின் 30(1)ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை அளிக்கிறது. 28(3)ஆம் பிரிவோ, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய சம்மதமின்றியும், அவர் சிறாராயின் காப்பாளரின் சம்மதமின்றியும், சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பள்ளியின் கத்தோலிக்கத் தன்மைக்கு வெளியிலிருந்து போடப்பட்ட தடையாக இந்த இரண்டாவது விதியைக் கருதுவோர் உண்டு. அது சரியன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும் கிறிஸ்தவமல்லாத சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையையும் 1965 அக்டோபர் 28 என்னும் ஒரே நாளில் வெளியிட்டது. முன்னது நற்செய்தியின் சுதந்திரமும் அன்பும் நிறைந்த சூழலைப் பள்ளியிடம் எதிர்பார்க்கிறது. பின்னது பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவிக்கிறது. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து காட்டும் கடமையைத் திருச்சபை தானே விரும்பி ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள்.

இந்தக் கடமைக்குப் பள்ளிகள் பொதுவாகக் கண்டுள்ள தீர்வு வகுப்பைப் பிரிப்பதாகும். குறிப்பிட்ட பாடவேளையில் கத்தோலிக்க மாணவியர் மறைக்கல்விக்குச் செல்ல, மற்றவர்கள் நன்னெறி அல்லது நீதிபோதனை வகுப்புக்கு அமர்கின்றனர். மனச்சான்றின் உரிமையைக் காப்பதில் இந்த ஏற்பாடு நேர்மையானது; இந்துச் சிறுமியோ இஸ்லாமியச் சிறுமியோ தான் நம்பாத ஒன்றை மனப்பாடம் செய்து தேர்வெழுத வேண்டிய நிலையை அது தவிர்க்கிறது; கத்தோலிக்கச் சிறுமிக்கும் தன் மரபை ஆழமாகக் கற்கும் வாய்ப்பைத் தருகிறது. ஆயினும் இதன் உள்ளே ஒரு பெரும் இழப்பு இருக்கிறது. சமயம் என்பது ஒரு சாராருக்குரிய உள்வீட்டு விவகாரம், ஒழுக்கம் என்பது மற்றவர்களுக்கான மாற்றுப் பாடம் என்ற எண்ணத்தைப் பத்து வயதிலேயே இரு தரப்புச் சிறுமியர் மனத்திலும் இது ஊன்றிவிடுகிறது. மறைக்கல்விக்கு நூலும் படிநிலையும் தேர்வும் ஆயத்தம் பெற்ற ஆசிரியரும் இருக்க, நன்னெறி வகுப்பு பல இடங்களில் முடிக்கப்படாத கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது. கத்தோலிக்கர் அல்லாத மாணவிக்குப் பள்ளி ஆன்மிகமாக என்ன தருகிறது என்ற கேள்விக்கு அப்போது விடையில்லாமல் போகிறது. சமயத்தைப் பொதுக்கல்வியின் கட்டாயப் பாடமாக வைத்து, சைவநெறி, கத்தோலிக்கம், இஸ்லாம் எனத் தனித்தனிப் பாடநூல்களை அரசே வெளியிடும் இலங்கையின் முறை இந்தக் குறையை ஒரு பங்கு தீர்க்கிறது. அங்கே சைவ மாணவிக்கும் முறையான சமயப் பாடம் உண்டு. ஆனால் அம்முறையிலும் சிறுமியர் பக்கத்துப் பக்கத்து அறைகளில்தான் இருக்கின்றனர். ஒருத்தியின் நோன்பும் மற்றொருத்தியின் விரதமும் தவக்கால ஒறுத்தலும் ஒரே மேசையில் பேசப்படும் வகுப்பு எந்த முறையிலும் தானாக அமைந்துவிடவில்லை. அதை அமைப்பதற்கு வேண்டிய வாய்ப்பு கத்தோலிக்கப் பள்ளிக்கே மிகுதி என்பதால், அமைக்காத பொறுப்பும் அதற்கே மிகுதி.

காலைக் கூட்டத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், நாட்டுப்பண் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்று, தம் நம்பிக்கை காரணமாகப் பாடாமலிருந்த மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டுப்பண்ணுக்கே பொருந்தும் அந்த அளவு சமயச் செபத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சேர்க்கைப் படிவத்தில் பள்ளி விதிகளுக்கு உடன்படுவதாகப் பெற்றோர் இடும் பொதுக் கையொப்பத்தை வழிபாட்டுக்கான சம்மதமாகக் கொள்வது நேர்மையாகாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024இல் தன் பள்ளிகளுக்கு விடுத்த வழிகாட்டுதல்களில், பிற சமய மாணவரிடம் கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது என்றும், காலைக் கூட்டத்தில் அரசமைப்பின் முகப்புரை வாசிக்கப்பட வேண்டும் என்றும், எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வழிபாட்டு அறை அமைக்கலாம் என்றும் கூறியது. நாட்டில் சமயச் சூழல் இறுகிவந்த நேரத்தில் தற்காப்புக்காகவும் இது எழுதப்பட்டிருக்கலாம். இருப்பினும் உள்ளடக்கத்தில் அது 1965இன் வாக்குறுதியை நிறைவேற்றுவதே.

சேவைப் பகுதிக்கு வரும்போது, இப்பள்ளிகளிடம் இரண்டு சிறந்த மரபுகள் கைவசம் இருந்தும் அவை போதிய அளவு பயன்படவில்லை என்பது வருத்தத்துக்குரிய உண்மை. முதலாவது மரியாயின் சேனை. 1921இல் டப்ளின் நகரில் பிராங்க் டஃப் தொடங்கிய இந்தப் பொதுநிலையினர் அமைப்பின் இளையோர் பிரிவு பள்ளிகளில் வாரந்தோறும் கூடுகிறது. செபமாலைக்குப் பின் ஒவ்வொரு உறுப்பினரும் தமக்கு ஒப்படைக்கப்பட்ட பணியைப் பற்றி அறிக்கை சொல்ல வேண்டும். இச்சேனையின் விதிகளுள் ஆழமான ஒன்று, உறுப்பினர்கள் பொருளுதவி வழங்கக் கூடாது என்பது. வெறுங்கையோடு ஒரு நோயாளியின் வீட்டுக்குள் நுழையும் சிறுமி, தன் நேரத்தையும் செவியையும் தவிர வேறு எதையும் தர இயலாதவளாகிறாள். அங்கே கொடுப்பவர், பெறுபவர் என்ற ஏற்றத்தாழ்வு பெருமளவு தளர்கிறது. அடுத்த வாரமும் அதே வீட்டுக்குச் செல்ல வேண்டியிருப்பதால் பழக்கம் உறவாகிறது. இதற்கு நேர்மாறானது கிறிஸ்துமஸ் காலத்தில் பேருந்து நிறைய மாணவியரை முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, போர்வையும் கேக்கும் வழங்கி, பதாகையின்முன் முதியவர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, ஆண்டுமலரில் அச்சிடும் வழக்கம். டிசம்பரில் ஓர் இல்லத்துக்குப் பல பள்ளிகள் வந்துபோகவும், ஜூன் மாதத்தில் ஒருவரும் எட்டிப்பார்க்காமலிருக்கவும் காரணம் இதுவே. அறத்தை ஊரறியச் செய்வதை மலைப்பொழிவில் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மறைக்கல்வி வகுப்பில் கற்பிக்கும் பள்ளி, அதே வாரத்தில் இதைச் செய்வது சிறுமியருக்குத் தவறான பாடத்தைத் தருகிறது. பெறுபவரின் முகம் யாருடைய அனுமதியின்பேரில் அச்சேறுகிறது என்று ஒரு மாணவிகூடக் கேட்கக் கற்பிக்கப்படவில்லை என்றால், அந்தச் சேவை அவளுக்குக் கற்பித்தது தன் மேன்மையை மட்டுமே.

ஆயினும் சேனையின் முறைக்கும் எல்லை உண்டு. நோயாளியைச் சந்திக்கச் சொல்லும் அது, நோயாளிக்கு ஏன் மருத்துவம் கிடைக்கவில்லை என்று கேட்கச் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு இடமளிப்பது இரண்டாவது மரபு. பெல்ஜிய நாட்டு அருள்பணியாளர் யோசேப்பு கார்டைன் இளந்தொழிலாளரிடையே வளர்த்தெடுத்து, திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1961இல் தம் சுற்றுமடலில் ஏற்றுக்கொண்ட பார், ஆராய், செயல்படு என்னும் மூன்றுபடி முறையை இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் இவ்வியக்கம் கிறிஸ்தவரல்லாத மாணவருக்காக இளம் மாணவர் இயக்கம் என்ற இணை வடிவத்தையும் கொண்டிருக்கிறது. வகுப்புப் பிரிவினால் பிரிந்தவர்கள் இங்கே ஒரே சிக்கலைச் சேர்ந்து ஆராய முடியும்: தங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வருகிறது, வகுப்பில் ஒருத்தி ஏன் படிப்பை நிறுத்தினாள், பேருந்தில் மாணவியர் எதிர்கொள்ளும் தொல்லைக்கு யாரிடம் முறையிடுவது. இந்த முறையின் தனிச்சிறப்பு, முடிவை மாணவியரே எடுக்க வேண்டும் என்பது. அதுவே நடைமுறையில் இதன் இடர்ப்பாடாகவும் ஆகிறது. ஏனெனில் ஆராயத் தொடங்கும் சிறுமி பள்ளியின் கட்டணத்தையும் விதிகளையும்கூட ஆராயக்கூடும். அந்த அச்சத்தால் பல இடங்களில் இயக்கம் பாட்டுப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்தும் மன்றமாகச் சுருங்கியிருக்கிறது. எஞ்சியதைப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சிறப்பு வகுப்புகள் விழுங்கிவிடுகின்றன. ஆழ்ந்து சிந்திக்கும் வயது வரும்போது சிந்திக்கும் குழு கலைக்கப்படுவது சிறு இழப்பன்று.

பெண்கள் பள்ளி என்பதால் மட்டும் எழும் சில செய்திகளும் உள்ளன. கணக்கு, கட்டடம், விடுதி, நியமனம், அரசு அலுவலகத்தோடு எழுத்துப் போக்குவரத்து என ஒரு நிறுவனத்தின் எல்லாப் பொறுப்புகளையும் பெண்களே சுமந்து நடத்துவதை அன்றாடம் காணும் வாய்ப்பு இச்சிறுமியருக்குக் கிடைக்கிறது. எந்தப் பாடநூலும் இதற்கு ஈடாகாது. வழிபாட்டிலும் வாசகம் வாசிப்பது, மன்றாட்டு எழுதுவது, பாடற்குழுவை நடத்துவது ஆகியவை அவர்கள் கையில் இருக்கின்றன. பலிபீடப் பணியும் பெண்களுக்கு உரியதாகலாம் என 1994இல் வத்திக்கான் தெளிவுபடுத்தியபின் அதுவும் ஆயரின் இசைவோடு வாய்க்கிறது. அதே பள்ளியில், முன்மாதிரியாக நிறுத்தப்படும் மரியா பெரும்பாலும் தலைகுனிந்து கீழ்ப்படிபவராக மட்டுமே வருணிக்கப்படுகிறார். அடக்கம், பொறுமை, உடைக் கட்டுப்பாடு ஆகியவற்றின் காவலராக அவர் பயன்படுத்தப்படுகிறார். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபெத்தின் வீட்டில் தங்கியவரும், வலியோர் அரியணையிழந்து எளியோர் உயர்த்தப்படுவதைப் பாடியவரும் அதே மரியாதான். வீடு தேடிச் செல்லும் மரியாயின் சேனைக்கும், ஆராய்ந்து செயல்படும் மாணவர் இயக்கத்துக்கும் பொருந்தும் உருவம் அதுவே. தியான நாள்களில் இதை விளக்கும் ஆன்மகுருவும் சகோதரியும் உண்டு. ஆனால் ஒழுங்குமுறைக் கையேடு எழுதப்படும்போது அந்த விளக்கம் நினைவில் இருப்பதில்லை.

தீண்டாமையும் சாதிப் பாகுபாடும் திருச்சபைக்குள்ளும் நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் மறைமாவட்ட அலுவலகங்களைப் போலவே பள்ளிகளையும் கட்டுப்படுத்துகிறது. தவக்கால உண்டியலில் சேரும் பணம் தொலைவிலுள்ள வறியோருக்குச் செல்வது நன்று; அத்தோடு, பள்ளியின் கழிப்பறைகளைத் தூய்மை செய்யும் பெண்ணின் ஊதியம் எவ்வளவு, அவருக்கு வைப்புநிதி உண்டா, அவர் மகள் இதே பள்ளியில் படிக்கிறாளா, கட்டணம் கட்ட இயலாத தலித் கிறிஸ்தவக் குடும்பத்துச் சிறுமிக்கு எத்தனை இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பவை மாணவர் இயக்கக் கூட்டத்தில் பார்த்து ஆராயப்பட வேண்டிய முதற்பொருள்களாக வேண்டும். அவற்றுக்கு விடை சொல்லும் பொறுப்புடன் தலைமைச் சகோதரி அக்கூட்டத்தில், கத்தோலிக்கரும் அல்லாதவருமாகிய மாணவியரின் நடுவே அமர வேண்டும். அக்கூட்டத்துக்கான பாடவேளையைச் சிறப்பு வகுப்புக்கு விட்டுக்கொடுக்காத உறுதியும் அவருக்கு வேண்டும்.