ஏழு மணி வெயில்

அம்மா கேட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை. காலை ஏழு மணி இருக்கும். மம்பாவில் எங்கள் தாமான் வீட்டு வாசலில் இன்னும் இருட்டு. தெருவிளக்குகூட அணையவில்லை. தொலைக்காட்சியில் காலை நிகழ்ச்சி ஆரம்பித்து, சோபாவில் உட்கார்ந்த இரண்டு அறிவிப்பாளர்கள் நாட்டு மக்களுக்கு வணக்கம் சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் இரட்டைக் கோபுரம், நீலவானம், கண்ணைக் கூசும் வெயில். அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஏம்பா, கோலாலம்பூர்ல மட்டும் விடிஞ்சிருச்சா?" என்றார்.

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியலைப் பற்றி அவர் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தால் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.55க்கும் 7.25க்கும் நடுவில்தான். மாசி மாதத்தில் ஏழே கால்கூடத் தாண்டிவிடும். முன்பு அப்படி இல்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி, தீபகற்பத்துக் கடிகாரங்களை சபா, சரவாக் நேரத்தோடு சேர்ப்பதற்காக அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். சூரியனை யாரும் தள்ளவில்லை. ஆகவே ஏழு மணி நிகழ்ச்சியின் முதுகுக்குப் பின்னால் அடிக்கிற அந்த வெயில், அந்த நேரத்தில் நாட்டில் எங்கேயும் அடிக்காத வெயில். கிழக்கே சபாவில் வேண்டுமானால் உண்டு. ஆனால் பின்னால் நிற்பது கினபாலு மலை அல்லவே, கோபுரமாயிற்றே.

'இதெல்லாம் ஒரு விஷயமா, வெறும் அலங்காரம்தானே' என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

படிவம் ஒன்றில் எனக்குப் பிற்பகல் பள்ளி. 1993. தோட்டத்து லயத்தில் காலை ஏழு மணிக்கு நான் மட்டும்தான் இருப்பேன். அப்பாவும் அம்மாவும் ஐந்தரைக்கே பெரட்டுக்குப் போயிருப்பார்கள். நெற்றியில் விளக்கு, இடுப்பில் தகர டப்பாவில் புகையும் கொசுவர்த்தி. வெயில் ஏறினால் பால் ஓடாது. குளிரில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், வெட்டின கோட்டில் பால் சரசரவென்று இறங்கும். அதனால் தோட்டத்துக்காரனுக்குக் காலை என்பது இருட்டோடு சேர்ந்தது. நான் 'செலாமட் பாகி மலேசியா' பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா தன் நிரையில் பாதி மரத்தை முடித்திருப்பார். திரையிலோ அப்போதுதான் நாள் தொடங்கும். புன்னகையோடு, கோப்பையோடு, நிதானமாக. அதில் சொன்ன செய்தி ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அவர்களுக்குப் பின்னால் எப்போதும் வெளிச்சமாக இருந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது. காலை என்றால் அதுதான், எங்கள் வீட்டில் நடப்பது வேறு ஏதோ என்று பன்னிரண்டு வயதில் எடுத்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. சுவர் சொல்லித் தந்தது.

காலை நிகழ்ச்சிக்கென்று ஒரு சுவர் தேவைப்பட்டதே சுவாரசியமான கதை. 1952 ஜனவரி 14ஆம் தேதி நியூயார்க்கில் என்பிசி 'டுடே' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது பின்னணியாக வைத்தது சித்திரத்தை அல்ல, ஜன்னலை. 49ஆம் தெருவைப் பார்த்த கண்ணாடி. வேலைக்குப் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்துக் கையாட்டினார்கள். பிறகு உள்ளே ஒடுங்கி, 1994இல் மறுபடியும் தெருவோரக் கண்ணாடிக்குத் திரும்பினார்கள். அந்த ஜன்னலும் ஒரு நாடகம்தான். ஆட்கள் தங்களைக் காட்டிக்கொள்ளவே அட்டை பிடித்து வந்தார்கள். ஆனாலும் மழை பெய்தால் அதில் மழை பெய்தது. பிபிசி 1983 ஜனவரியில் தன் காலை நிகழ்ச்சியை ஆரம்பித்தபோது மேசையைத் தூக்கிவிட்டு சிவப்பு சோபாவைப் போட்டது. செய்தி வாசிப்பவர் கோட்டைக் கழற்றிவிட்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்தார். காலைத் தொலைக்காட்சி என்றால் வரவேற்பறை என்றானது. பின்னால் நகரம், முன்னால் சோபா. உயரமான அடுக்குமாடியில் குடியிருக்கும், அவசரமில்லாத ஒருவர் வீட்டில் நாம் விருந்தாளி.

சில வருடங்களுக்கு முன் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அன்றைக்குத்தான் அந்த நகரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். முன்னாலிருந்து பார்த்தால் கண்ணாடிச் சுவரும் வானமும். சுற்றிப் போனால் வண்ணம் பூசாத பலகை, சுண்ணாம்புக்கட்டியில் எழுதின எண்கள், முட்டுக்கொடுத்த சட்டம், சாயாமலிருக்க மணல் மூட்டை, ஒயர் குவியல். கோயில் திருவிழா நாடகத்தில் அரண்மனைப் படுதாவுக்குப் பின்னால் ராஜா பீடி குடிப்பதைப் பார்த்த மாதிரிதான். எனக்கு ஏமாற்றமே இல்லை, சந்தோஷமாக இருந்தது. படுதா என்பது நமக்குப் பழக்கமான விஷயம். போட்டோ ஸ்டூடியோவில் மாடிப்படியும் நிலவும் வரைந்த சீலைக்கு முன்னால் நின்று கல்யாணப் படம் எடுத்துக்கொண்ட ஜனம் நாம். ஆனால் அந்தச் சீலை தன்னை நிலா என்று யாரிடமும் சத்தியம் பண்ணவில்லை. செய்திக்குப் பின்னால் நிற்கும் படுதா அப்படியில்லை. முன்னால் சொல்லப்படுவது உண்மை என்பதால் பின்னால் தெரிவதும் உண்மை என்றாகிவிடுகிறது.

அங்கிருந்த தொழில்நுட்பர் பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் பெரிய படத்தை ஒளி ஊடுருவும் தாளில் அச்சடித்துப் பின்னாலிருந்து விளக்கு போடுவார்களாம். இப்போது எல்இடி சுவர். சோபாவுக்கும் சுவருக்கும் இடையே சில அடி விடவேண்டும், இல்லாவிட்டால் நிழல் விழும், படமும் கொஞ்சம் மங்கலாகத் தெரியாது. நெருக்கமான கோடு போட்ட சட்டை வேண்டாம், கேமராவில் அலையலையாக நெளியும். பின்னால் ஏன் எப்போதும் நீலம் என்றேன். மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதற்குள் ஓர் ஆரஞ்சுச் சாயல் உண்டு, அதற்கு நேரெதிர் நிறம் நீலம், முகம் தனித்துத் தெரியும் என்றார். அந்த வெயில்? ஒன்பது மணிவாக்கில் எடுத்த சில நிமிடக் காட்சி, திரும்பத் திரும்ப ஓடுகிறது. புகைமூட்டம் மோசமாகி 2015இல் பள்ளிகளை மூடியபோதும் இதேதானா என்று கேட்டேன். சிரித்தார்.

எந்தத் தோலும் தனித்துத் தெரியும் என்றாரே, அதில்தான் எனக்கு ஒரு கஷ்டம் வந்தது. பின்னால் சுவர் பிரகாசமாக எரிந்தால் கேமராவின் கண்ணைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் முன்னால் இருக்கும் முகம் இருளும். அதைச் சரிக்கட்ட முகத்தில் கூடுதல் வெளிச்சம் போட வேண்டும். கறுத்த முகம் வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்பும், அதற்கு இன்னும் கூடுதல். ஒரே சோபாவில் வெளுத்தவரும் கறுத்தவரும் உட்கார்ந்தால் யாருக்கு ஏற்றபடி வைப்பது? பெரும்பாலும் வெளுத்தவருக்கு. இது மலேசியாவில் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. கோடாக் நிறுவனம் வண்ணப்படத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். சரியான நிறம் என்றால் அவள் நிறம். அன்று எனக்கும் விளக்கை மாற்றவில்லை, பவுடரைப் போட்டார்கள். இரண்டு சுற்று. நிகழ்ச்சியைப் பார்த்த அம்மா சொன்னது: "மாவு மில்லுலேருந்து வந்த மாதிரி இருந்தே." சுவரின் வெயிலைக் கொஞ்சம் குறைத்திருந்தால் நான் நானாகவே தெரிந்திருப்பேன். நான் மாறுவது சுலபம், வெயில் மாறுவது கஷ்டம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

வருடத்தில் ஒரு தடவை வெயில் மாறும், அதையும் சொல்ல வேண்டும். தீபாவளி வந்தால் சோபாவுக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு, வாழைமரம், தரையில் கோலம். மறுநாள் எல்லாம் வண்டியேறிவிடும். கோபுரம் மட்டும் இருக்கும்.

கோபுரத்தைவிட எனக்கு அதிகம் உறுத்துவது புத்ராஜெயா. ஏரி, பாலம், இளஞ்சிவப்புப் பள்ளிவாசல். செய்திக்குப் பின்னணியாக வைக்க அழகான ஊர்தான். அது எழும்பிய நிலம் பெராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 1921இல் திறந்தது, அதனால்தான் 'பெரிய போர்' என்று பெயர். அங்கே உருவாக்கிய ரப்பர் இனங்களுக்கு அதன் முதலெழுத்துகளே பெயராயின. பிபி 86 என்றால் எங்கள் பக்கத்து வெட்டுக்காரர்களுக்குத் தெரியும். 1990களில் நிர்வாகத் தலைநகரம் கட்ட அந்தத் தோட்டத்தையும் ஒட்டியிருந்த தோட்டங்களையும் எடுத்தபோது, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் தெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். விரிசல் விட்ட அந்த அடுக்குமாடியைப் பற்றியும், தருவதாகச் சொன்ன தரைவீடுகளைப் பற்றியும் பல வருடம் செய்தி வந்தது. அந்தச் செய்தியை வாசித்தவருக்குப் பின்னால் ஏரியும் பாலமும் மின்னியிருந்தால் நாம் கவனித்திருப்போமா? படுதாவின் வேலையே அதுதான், எதன் மேல் தொங்குகிறதோ அதை மறைப்பது.

தொலைக்காட்சியை மட்டும் திட்டினால் நியாயமில்லை. நம் எழுத்தாளர்களிடமும் ஒரு எல்இடி சுவர் இருக்கிறது. அண்மையில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளை வாசித்தேன். தோட்டத்துக் கதைகளில் பாதிக்கு மேல் பனிமூட்டத்தில் தொடங்கின. பெரட்டு மணி, சேவல், வரிசை வரிசையாய் மரங்கள், அவற்றினூடே ஒரு செங்கீற்று. ஓட்டத்தில் விட்ட காட்சி மாதிரி எல்லாக் கதையிலும் அதே பனி. அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துப்போய் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். வெளியிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் காடுதான் படும், அதில் குறையில்லை. லயத்தில் பிறந்த நாமும் ஏன் வந்து பார்த்தவர் மாதிரியே எழுதுகிறோம்? என் முதல் கதையும் இப்படித்தான் தொடங்கியது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "பனி எங்கப்பா தெரிஞ்சுச்சு? வெளக்கு வெளிச்சத்துல கோடுதான் தெரியும்" என்றார். விளக்கு விழுகிற ஒரு சாண் பட்டை, கத்தி முனை, மங்கு. அடுத்த மரம். ஐந்நூறு தடவை. அதற்குப் பின்னணி கிடையாது. நாமாக ஒன்றை மாட்டுகிறோம், மாட்டினவுடன் அதற்கு முன்னால் நிற்கும் மனுஷி கொஞ்சம் இருண்டுபோகிறாள், பிறகு பவுடர் பூசுகிறோம்.

நிலையத்துக்காரர்களிடம் எனக்கு இருப்பது சின்ன விண்ணப்பம்தான். கூரையில் ஒரு கேமராவை வைத்து அந்த நேரத்து வானத்தை அப்படியே சுவருக்கு அனுப்பலாம். ஏழு மணிக்கு இருட்டு என்றால் இருட்டு. பின்னால் இருட்டாக இருந்தால் முகத்துக்கு அவ்வளவு வெளிச்சம் வேண்டியதில்லை, கறுத்த முகங்களுக்கும் நல்லது. நிகழ்ச்சி ஓட ஓட மெதுவாக விடியும். அதைவிட நல்ல வடிவமைப்பு எந்த நிறுவனம் செய்து தரும்? ஒரு நாள் அது கோலாலம்பூர் வானமாக இல்லாமல் மம்பாவ் வானமாக இருந்தாலும் குடி முழுகிவிடாது. வெளியூர்க்காரர்களுக்கு மம்பாவ் என்றால் மீன்தலை மட்டும்தான். போர்ட்டிக்சன் போகிற வழியில் நிறுத்தி, சாப்பிட்டு, காரேறிவிடுகிறார்கள். எங்களுக்கும் கொஞ்சம் வானம் இருக்கிறது.

அன்று அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தொலைக்காட்சியை ஓடவிட்டுவிட்டு முன்கதவைத் திறந்து வெளியே நின்றார். தோட்டம் வீடமைப்பாகி வருடங்களாயிற்று, எதிரே இப்போது வரிசை வீடுகளும் கார்களும்தான். மேலே பார்த்தார். கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி என்னமோ செய்தார்.

"நல்ல குளுரு. இப்ப வெட்டுனா இன்னும் அரமணி நேரம் பால் ஓடும்."