லீவ் வேகன்சி டாக்டர்

இந்த வாரம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது 'ஆள் தேவை' விளம்பரம். சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் டாக்டர்களைத் தற்காலிக வேலைக்குப் பிடிக்கும் ஏஜென்சிகள் போடுவது. இந்த வேலைக்கு லத்தீனில் கௌரவமாக 'லோக்கம் டெனன்ஸ்' என்று பெயர். இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர் என்று அர்த்தம். நம்ம பள்ளிக்கூட பாஷையில் லீவ் வேகன்சி.

கிட்னி ஸ்பெஷலிஸ்ட்டுக்கான விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள். விமான டிக்கெட், தங்குமிடம், கேஸ் போட்டால் இன்ஷூரன்ஸ் எல்லாம் ஏஜென்சி பொறுப்பு. ஆபீஸ் தலைவலி கிடையாது. சில மாதம் வேலை, அப்புறம் விடுதலை. நடை கச்சிதம்! முதியோர் பராமரிப்பு இல்லத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்துக் கொடுப்பதும் இந்த மாதிரி வேலைதான்.

நல்ல விஷயம்தானே என்பீர்கள். வாஸ்தவம். டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் மூன்று, நான்கு மணி நேரம். எண்பது வயதுக்காரரை வேனில் ஏற்றி எங்கோ கொண்டுபோய், துவண்டுபோனவரைத் திரும்பக் கொண்டுவருவதைவிட, மெஷின் அவரிடம் வருவது புண்ணியம். ஆனால், மெஷினை இறக்கினால் மட்டும் போதாது. சென்டர்களில் நிமிஷத்துக்கு 500 மில்லி திரவம் ஓடும். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அந்தத் தண்ணீரில் குளோரமைன் தங்கிவிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். தண்ணீர் சுத்திகரிப்பு, நர்ஸுகளுக்குப் பயிற்சி, ராத்திரி பிரஷர் இறங்கினால் யாருக்குப் போன் என்பதையெல்லாம் ஓர் அனுபவசாலி வந்து ஒழுங்குபடுத்திவிட்டுப் போகலாம். தப்பில்லை.

என் புகார் வேறு. விளம்பரத்தில் டாக்டர் இருக்கிறார், சம்பளம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. நோயாளியைக் காணோம்.

2009-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் டயாலிசிஸ் ஆரம்பித்த 3,702 பேரின் கணக்கு. ஒரு வருடத்துக்குள் 58 சதவிகிதம் பேர் இறந்துவிட்டார்கள். முன்னால் இருந்த அளவுக்குத் தங்கள் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் நிலையில் மிஞ்சியவர்கள் 13 சதவிகிதம்.

நான் பி.காம். லாப நஷ்டம் பார்த்துப் பழகியவன். இருந்தாலும் இந்தக் கணக்கை 'டயாலிசிஸே வேண்டாம்' என்று நான் படிக்க மாட்டேன். அந்த ஒரு வருடம் யாரோ ஒருவருக்குப் பேத்தியின் கல்யாணமாக இருக்கலாம். ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு இது வேணுமா? வேண்டாம்னா மருந்து கொடுத்து கஷ்டமில்லாம பார்த்துக்கறோம்" என்று ஒருவர் கேட்டாக வேண்டும். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. நேற்று வந்து நாளை போகிறவரால் அது ஆகிற காரியமா?

2017-ல் அமெரிக்காவின் மெடிகேர், தன் விதிகளில் இந்த லத்தீன் பெயரையே மாற்றிவிட்டது. லீவில் போகும் டாக்டருக்குப் பதில் வருபவரின் ஏற்பாட்டுக்கு இப்போது 'நேரத்துக்குக் கட்டணம்' என்று பெயர். பொதுவாகத் தொடர்ந்து 60 நாள்தான் அனுமதி. பெயரிலாவது நேர்மை!

விளம்பரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: 'கிளம்புவதற்கு முன், ஒவ்வொரு நோயாளியின் விருப்பத்தையும் கேட்டு எழுதி, அங்கேயே இருக்கப்போகும் டாக்டரிடம் ஒப்படைக்க வேண்டும்.' அப்படி ஒரு டாக்டரே வரப்போவதில்லை என்றால், நம்மாள் யாருக்காக சார் இடம் பிடித்து வைத்திருக்கிறார்?