தூக்கம் வரலையா, தூங்க விடலையா?

தூக்கமின்மைக்கு மொபைல் வழிச் சிகிச்சை என்று வருபவை பெரும்பாலும் ஒரே சரக்குதான்: சிபிடி-ஐ எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. மாத்திரை கிடையாது. சுமார் ஆறு வாரம் தூக்க நாட்குறிப்பு எழுதணும். தூக்கம் வந்தால்தான் படுக்கணும். வராவிட்டால் எழுந்து வேறிடம் போய்விடணும். படுக்கையில் படிக்கவோ போன் பார்க்கவோ கூடாது. எட்டு மணி நேரம் படுத்து ஆறு மணி நேரமே தூங்குகிறவரை, முதலில் ஆறு மணி நேரம் மட்டும் படுக்கச் சொல்வார்கள். தூக்கம் கெட்டியான பிறகு நேரத்தைக் கூட்டுவார்கள்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் டி புருயின் குழு 12 முதல் 19 வயது வரையுள்ள 116 பேரிடம் நடத்திய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. இணையவழிச் சிகிச்சையிலும் நேரடிக் குழுச் சிகிச்சையிலும் தூக்கம் மேம்பட்டது. பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களின் 3,755 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில் (2017) தூக்கமின்மையோடு மனச்சோர்வும் குறைந்தது. ஆனால் அதில் சிகிச்சை பெற்றவர்களில் ஆறு பகுதிகளையும் முடித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நெதர்லாந்து ஆய்விலோ இணையத்துக்குப் பின்னால் பதில் எழுத ஓர் ஆலோசகர் இருந்தார். செயலி விற்கிறவர்கள் இந்த இரண்டையும் சத்தமாகச் சொல்வதில்லை.

என் குறை வேறு. தூக்கமின்மை நோயின் வரையறையிலேயே ஒரு நிபந்தனை உண்டு: தூங்கப் போதிய வாய்ப்பு இருந்தும் தூக்கம் வராமல் இருக்கணும். கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால் இந்த நிபந்தனையே பல இடத்தில் இடிக்கிறது.

விடுதிப் பள்ளியில் ராத்திரி ஸ்டடி முடிந்து பதினொரு மணிக்குப் படுத்து, நாலரை மணிக்கு மணியடித்தால் எழுந்திருக்கிற பிளஸ் டூ பையனை நினைத்துப் பாருங்க. கணக்குப் போட்டால் ஐந்தரை மணி நேரம். 13 முதல் 18 வயதுக்கு அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் சொல்வது 8 முதல் 10 மணி நேரம். போதாததற்கு, பருவ வயதில் உடல் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. சீக்கிரம் படுத்தாலும் கண் அசராது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி வீடு என்றால் சுவருக்கு அந்தப்புறம் ராத்திரியும் தறி ஓடும். மில் விடுதியில் இருக்கும் 18, 19 வயதுப் பெண்ணுக்கு ஷிப்ட் மாற மாற ராத்திரியும் மாறுகிறது. "எழுந்து வேறு அறைக்குப் போ" என்றால் இவர்கள் எங்கே போவார்கள்? பல விடுதிகளில் போனுக்கே அனுமதி இல்லை.

தூக்கமின்மையை அளக்கப் பரவலாகப் பயன்படும் தீவிர அளவுகோலில் ஏழு கேள்விகள். தூக்கம் பிடிக்கச் சிரமமா, இடையில் விழிப்பு வருகிறதா, பகலில் பாதிப்பா என்றெல்லாம் கேட்கும். "உன்னை எத்தனை மணி நேரம் தூங்க விடுகிறார்கள்?" என்று ஒரு கேள்வி கிடையாது. நாலரை மணிக்கு எழுப்பப்படுகிற பையன் பகல் பாதிப்புக் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொன்னாலே மதிப்பெண் ஏறும். அதை மட்டும் பார்த்துப் படுக்கை நேரத்தைக் குறைக்கச் சொன்னால் அது சிகிச்சை இல்லைங்க, பட்டினி கிடக்கிறவனுக்குப் பத்தியம் சொல்வது.

மனச்சோர்வும் அப்படித்தான். தூக்கம் குறைந்தால் எரிச்சலும் சோர்வும் வரும். அந்தப் பிள்ளையிடம் போய் "உன் எண்ணத்தை மாற்று" என்றால், பழியும் அவன் தலையில்தான் விழுகிறது. மணியடிக்கிறவரை யாரும் கேட்பதில்லை.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரமும் இடமும் இருந்தும் விடிய விடியப் புரண்டு படுக்கிற பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும், கூட ஒரு மனிதர் இருந்தால். கோவாவில் சங்காத் அமைப்பு வளரிளம் பருவத்தினருக்கு மொபைல் விளையாட்டு வழியே மன ஆலோசனை கொடுத்தபோதும், பள்ளியில் ஓர் ஆலோசகரைப் பக்கத்தில் வைத்துத்தான் கொடுத்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நம் ஊருக்கு இப்படி ஒரு செயலி வந்தால் அதன் முதல் கேள்வி தூக்கம் வருகிறதா என்று இருக்கக் கூடாது. எத்தனை மணிக்குப் படுக்க விடுகிறார்கள், எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள் என்று இருக்கணும். பதில் ஐந்தரை மணி நேரம் என்று வந்தால், அந்த அறிக்கை பையனுக்குப் போக வேண்டியதில்லை. விடுதி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் போகணும். காலை மணியை ஆறுக்குத் தள்ளிவைக்க எந்தச் செயலியும் தேவையில்லை.